பச்சை கேட்டு வாங்கிய ரசாக்

சிட்லபாக்கத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக்கிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால், நாட்டின் நீதிக்குச் சௌக்கியமில்லை என்று பதில் வரும். மெத்தை வாங்க வந்தவர் அதிலேயே படுத்துத் தூங்கிவிடும் அளவுக்குக் கோர்ட் தாமதம் பற்றிப் பேசுவார். காரணம் இல்லாமல் இல்லை. அத்தா விட்டுப்போன வீட்டில் பாகம் கேட்டுத் தங்கை நூர் பீவி போட்ட வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. தங்கை குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தாள். அண்ணன் அந்த வீட்டில் இருந்தார்.

"நான் இன்னாம்மா பண்றது? கோர்ட்டு இஸ்துகினு போவுது" என்பார். அவளும் நம்பினாள்.

2008இல் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆல்வின், சாஃப்ட்வேர் ஆசாமி, வழக்குகள் ஏன் நகர்வதில்லை என்று காட்டக் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்தார். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு புள்ளி. புள்ளியை க்ளிக் செய்தால், யார் கேட்டது, என்ன காரணம் என்று எழுத்து விரியும். கோர்ட்டே தள்ளிவைத்திருந்தால் சாம்பல் நிறம், வாதி கேட்டிருந்தால் சிவப்பு, பிரதிவாதி கேட்டிருந்தால் பச்சை. மாதிரிக்கு ஒரு வழக்கு வேண்டும் என்றதும் ரசாக் முந்திக்கொண்டு தன் வழக்கின் நகல்களைக் கொடுத்தார். எனக்குப் பச்சைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவரும் அவரே.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்த ஆல்வின் தயங்கினார். "சார், ஒரு தடவை தனியா பாத்துடுங்களேன்."

"தனியா இன்னாத்துக்கு? நாலு பேர் பாக்கட்டும்!"

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நாலு பேர் அல்ல, தெருவே பார்த்தது. கடைசி வரிசையில் நூர் பீவியும் இருந்தாள். திரை முழுக்கப் பச்சை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஞானையா முதலில் கைதட்டினார். "பச்சை விழுந்துடுச்சு! கேஸ் ஓடுது!"

"இல்ல சார், பச்சைன்னா நின்ன இடம்" என்று ஆல்வின் சன்னமாகச் சொல்லிவிட்டு ஒரு புள்ளியை க்ளிக் செய்தார். பிரதிவாதிக்குக் கடும் காய்ச்சல், படுக்கையில் இருக்கிறார்.

தேதியைப் பார்த்து ஞானையா நிமிர்ந்தார். "யோவ் பாய், அன்னிக்குத்தானே கூடுவாஞ்சேரில ரெண்டாவது கடை தொறந்தே? காய்ச்சக்காரரு கையால நான் ரெண்டு வாட்டி பிரியாணி வாங்கித் துன்னேனே!"

மண்டபம் சிரித்தது. ரசாக்கும் சேர்ந்து சிரித்தார். சிரித்தால் சின்ன விஷயமாகிவிடும் என்று ஒரு கணக்கு. அதற்குள் அடுத்த புள்ளி விரிந்துவிட்டது. பிரதிவாதியின் தாயார் காலமானதால் வாய்தா. ஆண்டு 2004.

சிரிப்பு நின்றது. நூர் பீவி எழுந்தாள். "அண்ணே, அம்மா மவுத்தாகி ரெண்டு வருசம்தானே ஆவுது? 2004ல எங்க வூட்ல ஒக்காந்து இடியாப்பம் புழிஞ்சிகினு இருந்தாங்களே?"

வக்கீல் எழுதினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரசாக் படித்துத்தான் போட்டிருந்தார்.

எங்கே பார்ப்பது என்று தெரியாத ஆல்வின், பச்சையிலிருந்து தப்பிக்க, திரையில் இருந்த ஒரே சிவப்புப் புள்ளியை க்ளிக் செய்தார். வாதியின் தாயார் காலமானதால் வாய்தா. 2006. அம்மா உண்மையிலேயே இறந்த அன்று அண்ணனால் அந்தக் காரணத்தைச் சொல்லி வாய்தா கேட்க முடியவில்லை. அதைத்தான் முன்பே செலவழித்தாயிற்றே. அம்மாவின் ஜனாஸாப் பெட்டி வாசலில் இருக்க, தங்கைதான் ஆளனுப்பிக் கேட்டிருந்தாள்.

"அணைச்சுடு தம்பி" என்றாள் நூர் பீவி. "எங்க அண்ணன் அது. எல்லாரும் பாக்குறாங்க."

திட்டியிருந்தால் ரசாக் திருப்பிப் பேசியிருப்பார்.

மறுநாள் வக்கீலிடம் போனார். வக்கீல் பேனாவைத் திறந்தார். "இந்த மாசம் மஞ்சக்காமாலை போட்டுடலாமா பாய்?"

"வேணாம் சார். சமாதானமா போயிடலாம், ராஜிப் பத்திரம் எழுதுங்க. தெருப்பக்கத்துப் பாதி அவளுக்கு."

"தெருப்பக்கமா! ஜெயிக்கிற கேஸ் பாய்!"

"இவ்ளோ நாளா ஜெயிச்சிகினுதானே இருந்தோம்."

ராஜியில் கையெழுத்தாகி வெளியே வந்ததும் நூர் பீவி, "வா அண்ணே, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்காமல், "கடைல ஆள் இல்லம்மா, இன்னொரு நாள்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. கடைக்கு விடுமுறை என்பது அவளுக்கும் தெரியும்.