வைஃபையில் ஏறிய ஜோசியம்

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை இன்றைய வைஃபையில் இணைத்துத் தருவது என் தொழில் என்று சொன்னால், நாமக்கல்லில் பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட அடுத்த கேள்வி கேட்பதில்லை. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். பரமத்தி வேலூரில் பார்த்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன்.

டிவியைத் தூக்க முடியாது

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ரங்கசாமி ஐயா, இளவட்டத்தில் தேர்த்திருவிழாக்களில் கம்ப்யூட்டர் ஜோசியக் கடை போட்டவர். விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கிய சாதனம் அது. டிவியில்தான் படம் தெரியும், புரோகிராம் கேசட்டில் இருக்கும். ஜாதகம் கணிக்கும் அந்தப் புரோகிராமை எழுதியதும் அவரே. மகள் கவிதா பிறப்பதற்கு முன்பே பரணுக்குப் போன மெஷின் இப்போது இறங்கியிருந்தது. கவிதாவுக்கு ராசிபுரத்துப் பையனைப் பிடித்துவிட்டது. பையன் வீட்டாருக்குப் போனில் பார்த்த பொருத்தமே போதும். ஐயாவோ, என் மெஷின் சொன்னால்தான் கல்யாணம் என்று உட்கார்ந்துவிட்டார்.

பழைய பிரிண்டர் செத்துப்போயிருந்தது. வீட்டில் இருந்த புதுப் பிரிண்டர் வைஃபையில் மட்டுமே பேசும். டிவியில் தெரிவதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாமே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொருத்தம் பாத்த காயிதத்தச் சாமி படத்துக்கு முன்னால வெக்கோணுமுங்க தம்பி. டிவியத் தூக்கியா வெக்க முடியும்?"

சுற்றுவதும் சுற்றாததும்

கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் வயரைச் சொருகும் பழைய துளை ஒன்று. அதற்கும் வைஃபைக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டை வைத்தேன். பிரிண்டரிடம்தான் பேசுகிறோம் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். போர்டு அதை வாங்கிப் புதுப் பிரிண்டருக்குக் கடத்தும். முதல் தாளில் கோழி கிளறிய மண்ணைப்போல எழுத்துகள் வந்தன. கம்ப்யூட்டரும் போர்டும் வெவ்வேறு வேகத்தில் பேசுகின்றன என்று கண்டு சரிசெய்தேன். இரண்டாவது தாள் வரவே இல்லை.

வயரைப் பிடுங்கினேன், சொருகினேன், போர்டையே மாற்றினேன். அரை நாள் போனபிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். வைஃபை பெட்டிக்கே கரண்ட் இல்லை. அந்தப் பிளக்கில் கேசட் பிளேயரைச் சொருகியிருந்தார் ஐயா. அவர் வருத்தப்படவில்லை. "அது சும்மா லைட்டு மட்டும் மினுக்கீட்டுக் கெடந்துதுங்க. இதுல டேப்பு சுத்துதுங்களே."

ரோகிணி எங்கே

மாப்பிள்ளை ஜாதகம் முதலில் வந்தது. எல்லாம் சரி. பிறகு கவிதாவுடையது. கிழமை, நட்சத்திரம், கடைசியில் பொருத்தம்: இல்லை.

கவிதா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். ஐயா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரறிய ரோகிணியில் பிறந்த பெண்ணுக்கு மெஷின் பூசம் என்று போட்டிருந்தது. கோயில் ஐயர் தப்பாகக் குறித்திருக்கலாம், மெஷின் குறிக்காது என்பது அவர் கட்சி. பாவம், குரலே இறங்கிவிட்டது. "இத்தன வருசமா ஆரோட நட்சத்திரத்துக்குங்க அர்ச்சன பண்ணீட்டிருந்தேன்?"

தண்ணீர் கொண்டுவந்த கவிதா, சொம்பை என் கையில் கொடுக்கும்போது மெல்லச் சொன்னாள். "அண்ணா, மெஷின ஓட வெச்சீங்க, சரி. எங்கப்பா மனச எந்த வயர்லங்க மாட்டுவீங்க?"

கேட்ட பிள்ளை

எனக்குக் கிழமை உறுத்தியது. வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்று அவளே சொன்னாள், தாளில் சனி. மாப்பிள்ளைக்குச் சரியாகச் சொன்ன மெஷின் இவளுக்கு மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, மொத்தப் புரோகிராமையும் அதே வைஃபை வழியாக என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். டிவியில் அலை அலையாக ஓடிய வரிகள் போனில் பளிச்சென்று வந்தன. பிறந்த வருஷத்துக்கு இரண்டே இலக்கம் கேட்டு, அதோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கூட்டும் வரி ஒன்று இருந்தது. கவிதாவுக்கு அவர் தட்டியது 01, மெஷின் எடுத்துக்கொண்டது 1901. மாப்பிள்ளை தொண்ணூறுகளில் பிறந்தவர், தப்பித்தார்.

போனை நீட்டினேன். தான் எழுதிய வரியை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு விசைப்பலகையை இழுத்து, வருஷத்தை முழுசாகக் கேட்கும்படி தானே திருத்தினார். அடுத்த தாளில் வெள்ளிக்கிழமை வந்தது, ரோகிணி வந்தது, பொருத்தமும் வந்தது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த கவிதா, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஐயா தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசிக்கொண்டு, கடைசிவரை மெஷினை விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

"மெஷினு தப்பே சொல்லலீங்க தம்பி. நாங் கேட்ட புள்ளைக்குச் சரியாத்தாஞ் சொல்லிருக்குது. அந்தப் புள்ள நம்மூட்டுப் புள்ள இல்ல, அவ்வளவுதான்."

கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மண்டபத்தில் வைஃபை எப்படி என்று பார்க்க ஒரு நாள் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறார் என்பதுதான், நம் தொழிலில் ஒரு வேலை முடிந்தது என்பதற்கு அர்த்தம்.