எங்கள் பாட்டைத் தெளிவாக்கிய குணசேகர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகக் கூட்டத்தின் நடுவில், குணசேகரின் உதவியாளர் நஸீமா இரண்டு முறை போன் செய்தார். அவர் இப்படி அடுத்தடுத்து அழைக்கிற ஆள் இல்லை. வெளியே வந்து எடுத்தேன். "குணா அண்ணா போய்ட்டாரு" என்றார். வீட்டில் குளிக்கக் கிளம்பியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது ஐம்பது. என்னைவிட இரண்டு வயது இளையவர்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். பெயர் தெரியாதவர்கள்கூட, நம் ஊரில் ப்ரோக்ரஸிவ் ராக் இசை நிகழ்ச்சிகளுக்கு வந்திருந்தால், அரங்கின் நடுவே ஒலி மிக்ஸருக்குப் பின்னால் கைகட்டி நின்ற ஒல்லியான மனிதரைப் பார்த்திருப்பீர்கள். ஒக்கலிபுரத்துக்காரர். கல்யாணம், கட்சிக் கூட்டம், தேர்த் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஒலி அமைத்தவர். எங்கள் இசைக்குழுவுக்கும் பன்னிரண்டு ஆண்டுகள் அமைத்தார்.

முதல்முறை அவரைப் பார்த்தது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில். எங்கள் பாட்டு ஒன்று இருபத்திரண்டு நிமிடம் போகும். தாளம் ஏழில் தொடங்கி நடுவில் ஐந்தாகி மறுபடி ஏழுக்கு வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அன்று மதியம் ஒத்திகை முடிந்ததும் குணசேகர் மேடைக்கு அருகில் வந்தார்.

"சார், ஒரு டவுட்டு. எல்லாரும் ஏழுல போய்னு இருந்தீங்க. நீங்க மட்டும் ஒரு எடத்துல எட்டு வாசிச்சீங்க. வேணும்னே பண்ணதா, தவறிப்போச்சா?"

பேஸ் கிட்டார் வாசிக்கும் நான் தவறியதை என் குழுவில் யாருமே கவனித்திருக்கவில்லை. "வேணும்னேதான்" என்றேன்.

"அப்ப அந்த எடத்துல பேஸ நல்லா தூக்கி வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பத்தடி போயிருப்பார். நான் பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தப்புன்னா எறக்கணும், வேணும்னேன்னா ஏத்தணும். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சா போதும் சார்" என்றார். எங்கள் இசையைப் பற்றி விமர்சனம் எழுதிய யாரும் இந்த அளவுக்கு எங்களைக் கேட்டதில்லை.

அடுத்ததை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை அறிந்தவர்கள் இதையும் அறிய வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரிய திறந்தவெளி நிகழ்ச்சி. மேடையில் என் ஆம்ப்ளிஃபையர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன், பிறகு மெல்ல ஏற்றினேன். மறுபடி வந்து சொன்னார். பத்துப் பேர் முன்னால் நான் சொன்னேன்: "நீங்க கல்யாணத்துக்கு மைக்செட் கட்ற ஆளு. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

அவர் மிக்ஸருக்குத் திரும்பிப் போனார். அன்று எங்களுக்குக் கிடைத்தது அதுவரை கிடைக்காத அளவு நல்ல ஒலி. எல்லாம் முடிந்து வயர்களைச் சுற்றி வைத்துக்கொண்டே சொன்னார்: "தாலி கட்டுற நேரத்துல மைக் நின்னா திரும்பக் கட்ட முடியாது சார். உங்க பாட்ட திரும்ப வாசிக்கலாம்." பிறகு எட்டு மாதம் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

வேறு ஆட்களை வைத்துப் பார்த்தோம். எங்கள் பாட்டு எங்களுக்கே புரியவில்லை. ஆனால் நான் ஒக்கலிபுரம் போனது அதற்காக மட்டுமல்ல; சொன்ன சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மனைவி செல்வி கதவைத் திறந்தார். உள்ளே புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து குணசேகர் ஒரு மைக்கைப் பிரித்துப் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கு எத்தன பேர் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"பத்துப் பேர் இருக்கும்."

"அவங்க முன்னாடி சொல்லுங்க. இங்க எனக்கும் செல்விக்கும் சொல்லி என்னா ஆகப்போகுது?"

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில்தான் அப்போது எங்கள் ஒத்திகை அறை. ஒரு சனிக்கிழமை அந்தப் பத்துப் பேரையும் குணசேகரையும் அங்கே வரவழைத்தேன். எழுந்து நின்று சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "சரி, வேலையப் பாக்கலாம் ரகு" என்றார். அதன்பின் ஒருநாளும் அவர் என்னை சார் என்று அழைக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று குழுக்கள் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிக்கு அவர்தான் ஒலி அமைப்பதாக இருந்தது. தள்ளிவைத்துவிடலாம் என்று முடிவுசெய்து செல்வியிடம் சொல்லப் போனோம். "அவரு ஒத்துக்கினு வந்த வேலை. அத ஏன் நிறுத்துறீங்க? நஸீமா பாத்துக்குவா" என்றார். பத்து வருடம் குணசேகரோடு வேலை செய்தவர் நஸீமா. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடையின் அளவு என்ன என்று கேட்டார்.

முந்தாநாள் ஒத்திகை. புதிய பாட்டில் நான் ஒரு தாளச் சுற்றை விட்டுவிட்டேன். எல்லோரும் நின்று, தவறியது அவர்தான் என்று நினைத்து டிரம்ஸ் வாசிப்பவரைப் பார்த்தார்கள். கையைத் தூக்கி, "நான்தான்" என்றேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். குணசேகரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: தவறு என்னுடையது என்றால், எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்ல என்னால் இப்போது முடிகிறது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். செல்வி முன்வரிசையில் இருப்பார். நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் தெளிவாகக் கேட்கும். வாருங்கள்.