சாந்திக்குச் சொல்லாமல் போட்ட காப்பர் டி

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அந்த வேலையில் என்னை ரொம்பக் குழப்பியது ஒரு சின்ன நூல்.

சாந்திக்கு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை. ஒரு பெண் குழந்தை. அடுத்த கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்து, ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்து அனுப்பினார்கள். அதன்பின் மூன்று வருஷமாக எதுவும் தங்கவில்லை. குழந்தை வரம் கேட்டு விரிஞ்சிபுரம் குளத்தில் முழுகி, ஈரப்புடவையோடு கோயிலில் படுத்துவிட்டும் வந்தாள். மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் பேச ஆரம்பித்திருந்தார்.

அன்று அவள் வந்தது தீட்டு ஜாஸ்தியாகப் போகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று. ஸ்பெகுலம் வைத்து விரித்து உள்ளே பார்த்தேன். கர்ப்பப்பை வாயில் நூல் தெரிந்தது. காப்பர் டி-யின் நூல்.

காப்பர் டி போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். அப்படி என்றால் என்னவென்றே தெரியாது என்றாள். பொய் சொல்கிறாளா, வீட்டுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டாளா, எனக்குப் புரியவில்லை. ஆனால் தெரிந்தே போட்டுக்கொண்டவள் ஏன் குளத்தில் முழுக வேண்டும்?

தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டும் அவள் கணவன் முருகன் வெளியே உட்கார்ந்திருந்தான். சொன்னால், இவள்தான் மறைத்துவிட்டாள் என்று நினைப்பான். சொல்லாவிட்டால், இவள் வாழ்க்கையே போய்விடும்.

அவளிடம்தான் முதலில் சொன்னேன். குழந்தை தங்காமல் இருக்க வைக்கும் கருவி உள்ளே இருக்கிறது, அதனால்தான் தீட்டும் ஜாஸ்தி, அனேகமாக டி அண்ட் சி செய்தபோது வைத்திருப்பார்கள் என்றேன். 

“அப்போ என் உடம்புல கோளாறு இல்லையா சிஸ்டர்?”

அதுக்கு நான் பதில் சொல்வதற்குள் சிரித்தாள். பிறகு அழுதாள். எதற்கு எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் போட்டதுதானா என்று உறுதி செய்ய என் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் அவள் பெயருக்கு நேரே ‘காப்பர் டி’ என்று இருந்தது. என் கையெழுத்து. ஆஸ்பத்திரி அனுப்பிய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த மாதக் குடும்பக் கட்டுப்பாடு டார்கெட் முடிந்ததென்று சந்தோஷப்பட்டும் இருப்பேன். அவள் வீட்டு வாசலைத் தாண்டி எத்தனை முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூட அவளிடம் கேட்கவில்லை.

மறைக்கலாமா என்று யோசித்தேன், உண்மைதான். கடைசியில் முருகனை உள்ளே கூப்பிட்டு, இருவர் முன்னும் பக்கத்தைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் கேட்காமல் போட்டிருக்கிறார்கள், நானே எழுதி வைத்தும் இவளிடம் கேட்கவில்லை, இவளுக்கு எதுவும் தெரியாது என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. “எங்கம்மா கிட்ட இத நீங்களே வந்து சொல்லுங்க,” என்றான். போய்ச் சொன்னேன்.

ஆரம்ப சுகாதார நிலைய லேடி டாக்டர் பரிசோதித்து, இன்ஃபெக்‌ஷன் இல்லை என்று பார்த்து, நூலைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஒரு நிமிஷ வேலை. எடுத்த பிறகு கர்ப்பம் தங்கத் தடை இல்லை என்றார். அடுத்த வருஷமே சாந்தி ஐந்தாம் மாத வயிற்றோடு வந்தாள்.

புதிதாக வரும் சிஸ்டர்களுக்குச் சொல்கிறேன். காப்பர் டி நல்ல கருவி. முதல் சில மாதம் தீட்டு கூடலாம், வலிக்கலாம். அதை முன்பே சொல்லுங்கள். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயத்தைப் படம் வரைந்து போக்குங்கள். எப்போது எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், போடட்டுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது பிரசவம் முடிந்து ஆறாவது வாரம் சாந்தி தானே வந்தாள்.

“இப்போ போடுங்க சிஸ்டர். இந்த வாட்டி நான் கேக்குறேன்.”