நாலு அங்குல இறகு

எங்கள் மிச்சிகன் காட்டுப்பக்கத்தில் ரெய்னோவோடு வேட்டைக்குப் போவது பெரும்பாடு. கடையில் வாங்கிய வான்கோழி இறகையே வாத்து இறகோ என்று முகர்ந்து பார்க்கிற மனுஷன். அம்பின் வாலில் ஒட்டும் இறகைப் பற்றி அவர் மச்சான் வெஸ்லி சொன்னான்:

“நாலு அங்குலம் போதும் மச்சான். பெரிய இறகுன்னா உஸ்ஸுன்னு இரையும், மான் துள்ளிடும்.”

இவனுக்கு என்ன திடீர் அக்கறை என்று ரெய்னோ ஐந்தரை அங்குல இறகையே ஒட்டினார்.

விடிந்ததும் எய்தார். இரைச்சல் கேட்ட மான் துள்ளித் தப்பி, வெஸ்லி பதுங்கியிருந்த பக்கம் போய் நின்றது. அவன் அம்பில் சாய்ந்தது.

ரெய்னோ அந்த அம்பைப் பிடுங்கி அளந்தார். நாலு அங்குலம்தான். என்னிடம் திரும்பிக் கத்தினார்:

“பாத்தியா? நான் நம்பமாட்டேன்னு தெரிஞ்சேதான் உண்மையச் சொல்லியிருக்கான், களவாணிப் பய!”