தன் பெயருக்கு எதிராக உயர்ந்த கை

வக்கீலக்கா சட்டம் படித்தவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வாய் வாங்கிக் கொடுத்த பட்டம் அது.

அந்தக் கூடத்தில் இயந்திரங்கள் சுற்றும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அவை நின்று மறுபடி சுற்றத் தொடங்கும் சின்ன இடைவெளியில்தான் பேச்சு. மற்றவர்கள் “தண்ணி பாட்டில் எங்கே?” என்று கேட்பதற்குள் இடைவெளி முடிந்துவிடும். வக்கீலக்கா அதற்குள் ஒரு சண்டையை மூட்டி, சமாதானமும் செய்து வைத்துவிடுவாள். கூடவே விரிப்பு மடிக்கும் அவளுடைய ஓரகத்திக்கு, கொழுந்தன் பெண்டாட்டிக்கு, அந்த வித்தை பழகிப்போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் வாய் பிளந்துதான் கேட்பாள்.

சூப்பர்வைசரைத் தொழிலாளர்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆபீஸ் சொன்னபோது, அந்த ஓரகத்தி, வீட்டில் சின்னவள், துணிந்து போட்டியிட்டாள். சூப்பர்வைசருக்கு ராத்திரி ஷிஃப்ட் கிடையாது. கைக்குழந்தையை இருட்டியபின் விட்டுவிட்டு வரும் வேதனை தீரும். எதிரே நின்றவர் பழைய சூப்பர்வைசர். ஒரு காலத்தில் விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டதால் கஞ்சிக்காரர்.

“நீ கவலைய விடு. நான் பேசறேன்” என்றாள் வக்கீலக்கா.

அன்று எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்பட்டிருந்தன. இத்தனை பெரிய அமைதி அவளுக்கு வாய்த்ததே இல்லை. துணிவண்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“இவ யாரு? கைக்குழந்தைக்காரி. புள்ளைய விட்டுட்டு ராத்திரி வேலைக்கு வர்றவ. நம்ம கஷ்டம் இவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

கூட்டம் மனம் கசிந்தது. பின்வரிசையில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சிக்காரர் உள்ளே வந்தார். அவர் தோளில் கைபோட்டபடி மேனேஜரும் வந்தார். வக்கீலக்காவின் கண் அந்தக் கையில் ஒரு கணம் நின்றது. பேச்சு நிற்கவில்லை.

“அப்படிப்பட்ட கைக்குழந்தைக்காரி தலையிலயா இந்தப் பாரத்தை ஏத்தப் போறீங்க? மெஷின் நின்னா இவதான் திட்டு வாங்கணும். துணி குறைஞ்சா இவதான் பதில் சொல்லணும். நமக்கு மனசாட்சி வேணாமா? திட்டு வாங்கி வாங்கித் தோல் தடிச்சவரு அதோ நிக்கிறாரு. அவருக்கே விடுங்க. இவளைக் காப்பாத்துங்க!”

தையல் வெளியே தெரியாமல் துணியைத் திருப்பிவிட்டாள். அதே குழந்தை, அதே கஷ்டம், அதே குரல். கூட்டத்தின் கண்ணில் அதே ஈரம்.

“கஞ்சிக்காரருக்கு யாரு?” என்றார் மேனேஜர்.

கைகள் எழுந்தன. எண்ணத் தேவையில்லாத அளவுக்கு எழுந்தன. சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். தன் தலைக்கு மேலேயும் ஒரு கை இருந்தது. அதில் கிடந்த வளையல் சின்னவளுடையதேதான்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். “ஏன்க்கா இப்படிக் கவுத்துட்டீங்க?”

“உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னேனா?”

சொல்லவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.

“நீயும்தானேடி கை தூக்கினே?” என்றபடி குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள் வக்கீலக்கா. “போ, ஷிஃப்டுக்கு நேரமாச்சு. இவனை நான் பாத்துக்கறேன்.” பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அடுத்த வாரமே அவளுடைய இஸ்திரி மேசை காற்று வரும் ஜன்னலோரத்துக்கு மாறியது என்பது வேறு கதை.

மறுபடி கைதூக்கும் கூட்டம் போட்டபோது சின்னவள் முன்னெச்சரிக்கையாக இருந்தாள். ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன நடந்தாலும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வக்கீலக்கா பேசினாள்.

கைகள் அசையவில்லை. தலை மட்டும், தன்பாட்டுக்கு, ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தது.