அம்மை குத்துகிறவனின் நெருப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் பழனி மலையில் அம்மை குத்திக்கொண்டு திரிந்தேன். உத்தியோகத்தின் பெயர் காகிதத்தில் வேறு மாதிரி இருந்தது. ஊர்களில் 'அம்மை குத்துறவரு' என்றுதான் சொன்னார்கள். ஊசி என்று எல்லாரும் சொன்னாலும் அது ஊசி இல்லை. ஒரு கம்பி, அதன் நுனியில் முள்முள்ளாக ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். கையில் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தை ஒரு சொட்டு வைத்து, அதன்மேல் தகட்டை அழுத்தித் திருக வேண்டும். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே தகட்டை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டி ஆறவைக்க வேண்டும். நாற்பது பேர் என்றால் நாற்பது முறை. விளக்கு எரியவில்லை என்றால் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெட்டியின் கனம் பழகிவிட்டது. அட்டைக்கடி பழகிவிட்டது. என்னைக் கண்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறவர்களும் பழகிவிட்டார்கள். நெருப்பு மட்டும் கடைசிவரை பழகவில்லை.

பெரும்பாறை, பாச்சலூர் பக்கம் அந்தத் தொல்லை கிடையாது. காப்பித் தோட்டத்தில் எப்படியும் யாராவது ஒருவர் மடியில் காய்ந்த தீப்பெட்டி இருக்கும். மேல்மலைக்குப் போனால்தான் சங்கடம். பூம்பாறையைத் தாண்டினால் மேகம் வந்து தரையிலேயே உட்கார்ந்துவிடும். மழை பெய்யாத நாளிலும் சட்டை ஈரமாக இருக்கும். குச்சியைக் கிழித்தால் தலை மட்டும் கழன்று பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். குச்சித் தலைகளை மெழுகில் முக்கிப் பார்த்தேன். குச்சி பிழைத்தது, உரசுகிற பக்கம் ஊறிப்போயிற்று. தகர டப்பாவில் அரிசியோடு போட்டு வைத்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு அரிசியும் ஈரமானது. தலைப்பாகைக்குள் செருகினேன். மேகம் தொடாததை என் வியர்வை நனைத்தது. மேல்மலைக்காரர்கள் சிலர் மூங்கில் குழாயில் பஞ்சும் சிக்கிமுக்கிக் கல்லும் வைத்திருந்தார்கள். தட்டினால் பஞ்சில் கங்கு பிடிக்கும், பீடிக்கு அது போதும். எனக்கு வேண்டியது சுடர். நான் ஊதி ஊதிச் சுடராக்குவதற்குள் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் சோலி கெடக்கு என்று நடையைக் கட்டிவிடுவார்கள்.

கொடைக்கானல் கடைவீதியில் ராவுத்தர் ஒருவர் பலசரக்கோடு டார்ச், பேனா, கத்தி எல்லாம் விற்றார். அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் பித்தளை லைட்டர் ஒன்று கிடந்தது. எடுத்துச் சக்கரத்தைத் தட்டினேன், பற்றியது. பத்து முறை தட்டினேன், பத்து முறையும் பற்றியது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துல அணையாதுன்னு சொல்லித்தான் என் தலையில கட்டுனான். நான் கடைக்குள்ளதான் பத்தவச்சுப் பாத்திருக்கேன். ஒங்களுக்கு எதுக்குங்க இது? தீப்பெட்டியவே நாலா வாங்கி நாலு எடத்துல வச்சுக்கங்க. ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு இருக்கும்" என்றார்.

விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லியும் வாங்கினேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். பஸ் டிரைவர் ஒருவரிடம் கேட்டு லைட்டருக்குள் இருக்கும் பஞ்சைப் பெட்ரோலில் நனைத்துக்கொள்வேன். சில மாதம் அது சொன்னபடி கேட்டது. குத்திக்கொள்ள வர மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு நின்ற பெரியவர்கள்கூட லைட்டரைப் பார்க்க வந்து, வந்த கையோடு கையை நீட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அரிசி டப்பாவைத் தூக்கிப் போட்டேன். பேருக்கு ஒரு தீப்பெட்டி மட்டும் சட்டைப் பையில் கிடந்தது. மூடி சரியாக அமராவிட்டால் பெட்ரோல் தானாகவே ஆவியாகிப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது.

ஐப்பசி அடைமழையில், கிளாவரைக்கு அப்பால் இருபது வீடுள்ள ஒரு குடியிருப்பில் ஒரு வீட்டில் அம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. போய்ச் சேர இரண்டரை நாள் ஆனது. கையிலிருந்த அம்மைப்பாலுக்குக் கெடு மறுநாளோடு முடிகிறது. அதற்குள் அத்தனை பேருக்கும் குத்தியாக வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் காய்ந்த வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அந்த உயரத்தில் வேம்பு வளராது, யாரோ கீழேயிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

கிழங்குக் கொட்டகை ஒன்றில் பெட்டியைத் திறந்தேன். முதலில் வந்தது ஒரு இளம் பெண். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதில் இன்னொன்று. தயங்கி நின்றவர்களைப் பார்த்து, "எம் புள்ளைகளுக்கு மொதல்ல குத்தட்டும், பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, பெரியவளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். லைட்டரைத் தட்டினேன். பொறி வந்தது, சுடர் வரவில்லை. மறுபடி தட்டினேன். திறந்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனைகூட இல்லை. தீப்பெட்டியை எடுத்தால் அது கையிலேயே பிய்ந்து வந்தது.

"யாராவது வீட்டுல இருந்து ஒரு கொள்ளி கொண்டாங்க" என்றேன்.

கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: "ஆத்தா எறங்குற வரைக்கும் எந்த வீட்டு நெருப்பும் வாசல் தாண்டாதுங்க. தலைக்குத் தண்ணி ஊத்தட்டும், தாரோம்."

"தீப்பெட்டி?"

"அதுலயும் நெருப்புத்தானே இருக்கு."

எனக்கு இது புதிதல்ல. பழனியில் எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அம்மை கண்ட நாளில் அடுத்த வீட்டுக்காரர் நெருப்பு கேட்டால் என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனாலேயே வாதாட எனக்கு வாய் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. அதுவும் களைத்தவனின் கோபம். யார் மேல் என்றுகூடத் தெரியாது. பெட்டியை மூடினேன்.

"நெருப்பு இல்லாம குத்த முடியாதுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"முடியாது."

"எப்ப வருவீங்க?"

"ஒரு வாரத்துல வாரேன்" என்றேன். சொல்லும்போதே நடக்காது என்று தெரியும்.

கொடைக்கானல் திரும்பியதும் புது அம்மைப்பாலுக்கு எழுதிப் போட்டேன். வந்ததைப் பாச்சலூருக்கு எடுத்துப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. நான் மறுபடி அந்தக் கொட்டகையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த முறை ராவுத்தர் சொன்னபடி நாலு இடத்தில் நாலு தீப்பெட்டி. முதல் குச்சியிலேயே விளக்கு பற்றியது. இப்போது யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கொட்டகைக்கு வெளியேயும் வரிசை நின்றது. சுற்றி நின்று வேடிக்கை பார்த்த பலர் முகத்தில் புதுத் தழும்பு.

அவள் வரிசையின் நடுவில் நின்றாள். முறை வந்தபோது இடுப்பில் இருந்த குழந்தையின் கையை மட்டும் நீட்டினாள். புரிந்தது. புரிந்தும் புத்தி கெட்டவன் போலக் கேட்டேன்: "பெரியவ எங்க?"

"நீங்க போயி பத்துப் பன்னண்டு நாள்ல காய்ச்சல் கண்டுச்சு. அவ தங்கலைங்க."

தகட்டைச் சுடரில் காட்டினேன். ஆறவைத்துக் குழந்தையின் கையில் அழுத்தித் திருகினேன். குழந்தை வீறிட்டு அழுதது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, திட்டுகிற குரலே இல்லாமல், காய்கறி விலை பேசுகிற மாதிரி பேசினாள்.

"நெருப்பு வெளிய போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. ஆளு உள்ள வரக் கூடாதுன்னு சொல்லலையே. எங்க வீட்டுல ஆத்தா இல்ல. அடுப்பு எரிஞ்சுகிட்டுத்தான் கெடந்துச்சு. நீங்க உள்ள வந்து குத்தியிருக்கலாம். எனக்கும் நீங்க போனப்பறந்தான் தோணுச்சு. சின்னவள எறக்கி விட்டுட்டு ஓடியாந்தேன். மேகம் மூடிக்கிச்சு, நீங்க தெரியல. நெறையத் தடவ கூப்பிட்டேன். ஒங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்கலைம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அடுத்தவர் சட்டையைச் சுருட்டினார்.

கேட்டது. யாரோ மாட்டைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்ததாக இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். மாட்டை யாரும் 'ஐயா' என்று கூப்பிட மாட்டார்கள். ஏற்றத்தை அப்போதுதான் ஏறி முடித்திருந்தேன். திரும்பி இறங்க எனக்குக் கால் வரவில்லை.