ஆளில்லாத மூட்டை

பட்டாளத்திலிருந்து திரும்பியவன் காவல் வேலைக்குத்தான் லாயக்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடும் கம்பளியோடும் வந்து இறங்கினார். வந்த வாரமே அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியிலிருந்து ஆள் வந்தது, வாட்ச்மேன் வேலைக்கு. அடுத்து ஒரு நூல் கடை, அதுவும் வாட்ச்மேன். மல்லாங்கிணற்றில் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். வாட்ச்மேன் வேலையோடு நாய்க்கும் சோறு வைக்க வேண்டுமாம்.

அவர் துப்பாக்கியைப் பிடித்ததைவிட ஸ்டியரிங்கைப் பிடித்ததுதான் அதிகம். பர்மா எல்லையில், மலைப் பாதையில், மழையிலும் சேற்றிலும் லாரி ஓட்டியவர். "நான் டிரைவருங்க" என்று அவர் சொன்னால், "இருக்கட்டும், பட்டாளத்துக்காரகளுக்கு ராத்திரி முழிச்சிருந்து பழக்கம்ல" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவார். வெளியே இத்தனை சாதுவான மனிதர் வீட்டில் உப்புக் குறைந்தால் மட்டும் ஏன் அப்படிக் குதிக்கிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மாசி மாதம் நரிக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் தேடி வந்தார். இருவரும் பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவர்கள். கல்கத்தாவில் லாரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை தான் ரயிலேறப் போவதாகவும் அவர் சொன்னார். "நீயும் வா" என்றார். என் வீட்டுக்காரர் சரி என்றார். ஏதோ திருச்சுழி வரை போய்விட்டு வருகிற மாதிரி சரி என்றார்.

சிநேகிதர் அந்தப் பக்கம் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "நாலு வருசம் தனியாக் கெடந்தேன். சண்டை நடக்குது, போனீக, சரி. இப்ப யாரோட சண்டை? என்னோடயா?"

"இங்க வேலை இல்லையே புள்ள" என்றார்.

அவர் இல்லாத வருஷங்களில் தபால்காரரைத் தூரத்தில் கண்டாலே கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் தபால்காரர் பக்கத்தில் வரும்வரை நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். மறுபடி அப்படி நிற்க என்னால் ஆகாது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. ஈஸ்டருக்குள் இவருக்கு இந்த மண்ணிலேயே ஒரு வேலையைக் கொடும் ஆண்டவரே, இல்லாவிட்டால் நான் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவேன் என்று ஜெபம் செய்தேன். அது ஜெபமா மிரட்டலா என்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்கு ஓடிய பஸ்ஸின் பழைய டிரைவருக்குக் கண்ணில் புரை விழுந்து எதிரே வரும் மாட்டுவண்டியே தெரியாமல் போனது அந்தச் சமயத்தில்தான். சேதி கேள்விப்பட்டதும் இவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தேன். பஸ் முதலாளி பருத்தி யாவாரமும் பார்க்கிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு வேலையை நம்பிக் கொடுப்பதற்கு முன்னால் பஞ்சைத் திருகிப் பார்ப்பதுபோல ஆளையும் திருகிப் பார்ப்பார். "ஒரு நாளைக்கு ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்" என்றார்.

அப்போது பெட்ரோல் தட்டுப்பாடு தீரவில்லை. எங்கள் பஸ் கரியில் ஓடியது. பின்பக்கம் பீப்பாய் போல ஓர் அடுப்பு. விடியுமுன் அதில் கரியைக் கொட்டி, பற்றவைத்து, காற்றாடியைக் கைவலிக்கச் சுற்றினால்தான் வண்டி கிளம்பும். கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது திணறும். ஜனங்கள் இறங்கி நடந்து, மேட்டின் உச்சியில் மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

அந்த ரோட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் யாரும் ரோட்டில் நிற்பதில்லை. நிழலுக்கு அங்கே எங்கே போவது? அதனால் மிளகாய் வற்றல் சாக்கையோ பருத்தி மூட்டையையோ ரோட்டோரத்தில் வைத்துவிட்டு, தள்ளியிருக்கும் ஏதாவது உடைமரத்தடியிலோ கிணற்றடியிலோ போய் உட்கார்ந்துவிடுவார்கள். மூட்டையைக் கண்டால் டிரைவர் நிறுத்தி ஹாரனை அமுக்குவார். ஆள் எழுந்து ஓடி வரும். ஆளில்லாத மூட்டைக்கு பஸ் நிற்க வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். அப்படி வைத்த மூட்டையை யாரும் திருடியதும் கிடையாது. என் வீட்டுக்காரரே பட்டாளத்துக்குப் போகும் முன் எத்தனையோ தடவை அப்படி வைத்துவிட்டு உட்கார்ந்தவர்தான்.

அவர் ஓட்டிக் காட்டிய அன்றைக்கு, அவருடைய பஸ்ஸில் நானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவரிடம் சொல்லவில்லை. என் கூடப்பிறந்த அக்காவுக்குக் கொடுக்கிற வற்றலை ஒரு துணியில் கட்டி, எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் ரோட்டோரம் வைத்துவிட்டு கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றேன். தலை நிறையப் பூ வேறு.

பஸ் வந்தது. என் மூட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் சட்டென்று ரோட்டின் மறுபக்கம் ஒடித்து, ஒரு சக்கரம் கரிசலில் இறங்க, உறுமிக்கொண்டு பறந்தது. அந்தக் கரி பஸ்ஸுக்கு அவ்வளவு வேகம் உண்டு என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. ஜன்னல் வழியே அவர் முகத்தை நான் பார்த்தேன். வெளிறிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, என்னையே தெரியாத ஒரு முகம். என் மேல் புழுதிதான் மிச்சம்.

வழி நெடுக அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஆளைக் கண்டால் நிறுத்தியிருக்கிறார், தனி மூட்டையைக் கண்டால் பறந்திருக்கிறார். பஸ்ஸுக்குள் இருந்த ஒரு பெரியவர், பெரிய மீசையும் ஏகப்பட்ட நிலமும் உள்ளவர், தினமும் இடத்துக்காக யாரோடாவது மல்லுக்கு நிற்கிறவர், முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "இவன் பஸ்ஸு ஓட்டுறானா, ஆகாசக் கப்பல் ஓட்டுறானா" என்று கத்தியிருக்கிறார். அருப்புக்கோட்டைக்கு முட்டை கொண்டுபோய் விற்கும் அக்கா ஒருத்தி, கூடையை விட்டுவிட்டுப் போனதற்காக மறுநாள் முதலாளி வீட்டு வாசலில் நின்று வைத வசவு பஜார் வரைக்கும் கேட்டதாம். முதலாளி இவரைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் பொறுங்க, சொல்லி அனுப்புறேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தவரிடம் நான் சண்டை போடத் தயாராக இருந்தேன். ஆனால் அந்த முகம் என் கண்ணிலேயே நின்றது. சோற்றைப் போட்டுவிட்டு, "மூட்டையில என்ன இருக்குன்னு நெனச்சீக?" என்று மட்டும் கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அங்கே, பர்மா எல்லையில், லாரிகள் வரிசையாகப் போகுமாம். ரோட்டில் ஆளில்லாமல் கிடக்கும் எதிலும் வெடி வைத்திருக்கலாம், தொடக் கூடாது, அதன் கிட்டே வண்டியை நிறுத்தவும் கூடாது என்று உத்தரவு. ஒரு நாள் இவருக்கு முன்னால் போன லாரிக்காரர், ரோட்டில் கிடந்த பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போகலாம் என்று இறங்கினாராம். அவருக்கும் இவருக்கும் ஒரே கூடாரம்.

"எறங்கினான். அம்புட்டுத்தான்" என்றார்.

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மூட்டையைப் பாத்ததும் காலு தானா அமுக்கிருச்சு. நம்மூரு, நம்ம ரோடு, எல்லாம் தெரியுது. காலு கேக்க மாட்டேங்குது. பஸ்ஸுக்குள்ள அம்புட்டு சனம் இருக்குல்ல புள்ள. இந்த வேலை எனக்கு ஆகாது. நான் நரிக்குடிக்காரன் கூடக் கல்கத்தாவுக்கே போயிர்றேன்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சட்டியையும் பானையையும் போட்டு உருட்டினேன்.

மறுநாள் நேராக முட்டைக்கார அக்காவிடம் போனேன். அவளிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்குத் தமுக்கு அடித்ததற்குச் சமம். அது தெரிந்தேதான் போனேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வைவதற்குத் திறந்த அவள் வாய் மெல்ல மூடியது.

"இது தெரியாம அந்த மனுசனை வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேனே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூட்டை தனியாக் கெடந்தாத்தான அவுகளுக்குப் பயம்? பக்கத்துல ஆளு நின்னா?" என்று கேட்டாள்.

"நின்னா ஒண்ணுமில்லக்கா. ஆளைக் கண்டா நிறுத்துறாக."

"அப்ப நிக்கிறோம். என்ன, கறுத்தா போயிருவோம்? இனிமேக் கறுக்க எங்கிட்டு எடம் இருக்கு?"

அவளே முதலாளியிடமும் போனாள். வைத வாயாலேயே இந்த டிரைவர்தான் வேண்டும் என்றாள், மற்றவர்கள் பள்ளத்தில் இறக்கி முட்டையை உடைக்கிறார்கள் என்றாள். முதலாளிக்குத் தலை சுற்றியிருக்கும். ஈஸ்டர் வரைக்கும் ஓட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். "கல்கத்தாவுக்குப் போற வரைக்கும் சும்மாதான இருக்கீக, ஓட்டுங்க" என்று அனுப்பினேன்.

அந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருச்சுழி ரோட்டில் ஒவ்வொரு விலக்கிலும் பெண்கள் மூட்டைக்குப் பக்கத்தில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்.

"என்னமோ தெரியல, இப்பெல்லாம் எல்லாரும் மூட்டைகிட்டயே நிக்கிறாக" என்று என்னிடம் வந்து சொன்னார்.

"வெயிலு கம்மியா இருக்குல்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பண்டிகைச் சாமான் வாங்க நானும் அவருடைய பஸ்ஸில் போனேன். திங்கட்கிழமை கல்கத்தா ரயிலுக்கென்று டிரங்குப் பெட்டியில் அவருடைய துணிகளை முதல் நாளே மடித்து வைத்திருந்தேன். பஸ்ஸில் முட்டைக்கார அக்கா, மீசைக்காரப் பெரியவர், பின்னால் கூட்டம். ஒரு கண்மாய்க் கரையைத் தாண்டியதும் பஸ் நின்றது.

எட்டிப் பார்த்தேன். வெகுதூரம் முன்னால், ரோட்டோரத்தில், ஒரு சாக்கு மூட்டை தனியாக இருந்தது. சுற்றி ஓர் ஆளில்லை. உள்ளே எங்கோ தள்ளியிருக்கிற ஊர். நாங்கள் சொல்லி வைத்த சேதி அங்கே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அவர் என்ஜினை அமர்த்தினார். திரும்பி, யார் முகத்தையும் பார்க்காமல், "எல்லாரும் கொஞ்சம் எறங்கி வண்டிக்குப் பின்னால போய் நில்லுங்க" என்றார்.

எனக்கு உயிரே போனது. இன்றோடு இந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். மேடும் இல்லை, வண்டியில் கோளாறும் இல்லை, சுட்டெரிக்கிற வெயில், பஸ்ஸுக்குள் வாய்க்குப் பஞ்சமில்லாத கூட்டம். முதலில் எழுந்தது மீசைக்காரப் பெரியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார். அவருக்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள். பால்குடிக் குழந்தையை வைத்திருந்த பெண்ணும் இறங்கினாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. அடுப்பு தகிக்கிற பின்பக்கத்தில் அத்தனை பேரும் ஒண்டி நின்றோம்.

அவர் தனியாக அந்த மூட்டையை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடப் போனேன். முட்டைக்கார அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "விடு. அவுகளே போகட்டும்" என்றாள். மூட்டையின் பக்கத்தில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு குனிந்து, ஒரு கையை அதன் மேல் வைத்தார். அது பருத்தி மூட்டை என்று இங்கிருந்தே எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்து வந்தார்.

அதற்குள் மூட்டைக்குச் சொந்தக்காரி காட்டுக்குள்ளிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். எங்களைப் பார்த்துத் திகைத்து, "என்னத்துக்கு இம்புட்டுப் பேரும் வெயில்ல நிக்கிறீக?" என்று கேட்டாள்.

"வண்டிக்கு மூச்சு வாங்குச்சு ஆத்தா. செத்த எறங்கி நின்னோம்" என்றார் பெரியவர்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாருக்கும் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவாரோ என்று நான் பயந்தேன். அவர் மூட்டையைக் கண்டக்டரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, தலைத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துண்டை எடுக்க நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

எல்லாரும் ஏறிய பிறகு, சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார். "திங்கக்கிழமை மொத வண்டிக்கு எத்தனை மணிக்குக் கரி போடணும்?"

"விடியங்காட்டியே வந்துருங்க" என்றார் கண்டக்டர்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அருப்புக்கோட்டை வரும்வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.